காவலுக்குக் கோர்வன்

இந்த இடத்தில் படுக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பார்ப்பதற்கு நல்ல இடம்தான், அதுதான் உதைக்கிறது. மூன்று பக்கமும் கல்சுவர், வர ஒரே வழி, மூலையில் யாரோ மூட்டி அணைத்த நெருப்பின் சாம்பல், கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு தொட்டி வேறு. வாங்க, படுத்துக்குங்க என்று பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. இந்த விளையாட்டைச் செய்தவன் என்னைவிடக் கெட்டிக்காரன், களைத்துப்போய் வருகிறவன் எதைப் பார்த்ததும் காலை நீட்டுவான் என்று உட்கார்ந்து யோசித்து இந்த அறையைக் கட்டியிருப்பான். சாம்பல் எதற்கு? இதற்கு முன்னால் இங்கே படுத்தவர்கள் நல்லபடியாக எழுந்து போனார்கள் என்று நான் நம்புவதற்கு. எழுந்து போனார்களா, அதைச் சாம்பல் சொல்லாது. வழியில் ஒரு எலி கூட எதிர்ப்படவில்லை, மேல் தளத்தில் அடிக்கு ஒரு பிசாசை வைத்தவன் இங்கே மட்டும் ஏன் கையை மடக்கிக்கொண்டான். என் ஆட்கள் நான்கு பேரும் திரையின் நடுவில் நிற்கிறார்கள், அவர்கள் நிற்கிற நிற்பே தள்ளாடுகிறது, களைப்பு ஏறினால் அப்படி ஆட வைத்திருக்கிறான் பாவி. வாள்காரிக்கு உயிர்க்கோடு சிவப்புக்கு வந்துவிட்டது. கிழட்டு மந்திரவாதியிடம் ஒரு மந்திரம் மிச்சமில்லை, தூங்கி எழுந்தால்தான் மந்திரம் திரும்ப ஊறும், அதுதான் இந்த உலகத்துச் சட்டம். வைத்தியக்காரியின் கையில் கட்டுப்போட ஒரு துணி இல்லை. நாலாவது ஆள் கோர்வன், அவனுக்கு ஒன்றுமில்லை, ஒரு கீறல் இல்லை, அதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். கீழே ஓரத்தில் கூடாரம் மாதிரி ஒரு சின்னப் படம், அதை அமுக்கினால் ஓய்வு. அமுக்கினதும் அது கேட்கும், காவலுக்கு யார் என்று. மூன்று பேர் படுக்கலாம், ஒருத்தர் விழித்திருக்க வேண்டும், அந்த ஒருத்தர் கண்ணயர்ந்தாலோ மனசு மாறினாலோ இருட்டிலிருந்து வருவது படுத்திருப்பவர்கள் மேலேதான் வரும். செத்தால் செத்ததுதான், மறுபடி பழைய இடத்திலிருந்து ஆரம்பிக்கிற வசதி கிடையாது, நானே அந்த வசதி வேண்டாம் என்று அமுக்கிவிட்டுத்தான் இந்தக் கூட்டத்தைக் கிளப்பினேன். மழைக்காலத்தில் கிளம்பினவர்கள், இப்போது வெளியே தார் உருகுகிறது.

வெளியே தார் உருகுகிறது, ஜன்னலில் என் பெண்டாட்டி தமயந்தியின் பழைய புடவையை இரண்டாக மடித்து ஆணி அடித்திருக்கிறேன், அப்படியும் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் வந்து கட்டில் மேல் விழுகிறது. நான் படுக்க வேண்டிய இடத்தில் அது படுத்திருக்கிறது. ஊர் முழுக்க மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும் நேரம், ராத்திரி வேலைக்குப் போகிற எனக்கு இது நடுச்சாமம். தமயந்தி தையல் கம்பெனிக்குப் போகுமுன் டீயை மூடி வைத்துவிட்டு, குடிச்சிட்டுப் படுங்க, அந்த டப்பாவைத் திறக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். டப்பா என்பது இந்தக் கம்ப்யூட்டர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரை மூடினபோது தூக்கிவந்தது. டீ இன்றைக்கு வேறு மாதிரி கசந்தது. மருந்துக் கடைக்காரரிடம் எனக்குத் தூக்கம் வராததைப் பற்றி அவள் பேசியிருக்கிறாள், அது எனக்குத் தெரியும், மாத்திரையைக் கரைத்திருப்பாளோ என்று பாதி டம்ளரை வாஷ்பேசினில் ஊற்றினேன், ஊற்றின பிறகு அடியில் பார்த்தேன், இஞ்சித் தூள்தான். அப்படியும் மீதியைக் குடிக்கவில்லை. தெருவில் ஒருத்தன் பழைய இரும்பு பிளாஸ்டிக் என்று மைக்கில் பதிவு பண்ணி வைத்துக்கொண்டு போகிறான், நேற்றும் இதே குரல், முந்தாநாளும், ஒரே தெருவில் தினம் எவ்வளவு இரும்பு கிடைக்கும், என்ன பார்க்க வருகிறான் இவன். தூங்காதவன் காதுக்கு எல்லாமே காரணத்தோடுதான் கேட்கிறது. பகலில் படுக்கிற உடம்பு இது, சூரியன் வந்தால் கண் சொருகும், சூரியன் போனால் பளிச்சென்று ஆகிவிடும். இந்தப் பழக்கத்தால்தான் இதற்கு முந்தின கூட்டத்தையே சாகடித்தேன். காட்டு வழியில் ராத்திரியெல்லாம் நடக்கவிட்டு, திரையில் கிழக்கு வெளுத்ததும், அப்பாடா வேலை முடிந்தது என்று வெட்டவெளியில் கூடாரம் அடித்தேன். விடிந்தால் படுக்கிறவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று அந்த விளையாட்டுக்குத் தெரியாது. பகலில்தான் வேட்டைக்காரப் படை ரோந்து வரும், அது ஊரில் உள்ளவனுக்கெல்லாம் தோன்றியிருக்கும், எனக்குத் தோன்றவில்லை. பாயிலேயே வெட்டிப் போட்டார்கள். அன்றிலிருந்து ஓய்வுப் படத்தின் மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோனால் விரல் நிற்கிறது.

கோர்வன் காவலுக்கு நிற்கிறேன் என்கிறான். அவன் சொல்லவில்லை, காவலுக்கு யார் என்று கேட்கிறபோதெல்லாம் அவன் பெயர்தான் பட்டியலில் மேலாக நிற்கிறது, காது கூர்மை அவனுக்குத்தான் அதிகம் என்று விளையாட்டே அவனை முன்னால் தள்ளுகிறது, அதுவும் உதைக்கிறது. இவன் ஒரு திருடன், பாதாளச் சிறையில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான், கதவைத் திறந்துவிட்டதும் கூலி எதுவும் கேட்காமல் கூடவே வந்துவிட்டான். கேட்காமல் வருகிறவன் எதற்கு வருகிறான்? படத்தில் அவன் கண் நேராகப் பார்ப்பதில்லை, திரைக்கு வெளியே, என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்க்கிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். இவன் காவல் இருந்த ராத்திரியெல்லாம் விடிந்ததும் மூட்டையில் ரொட்டி குறைகிறது. மற்றவர்கள் காவல் இருந்தால் குறைகிறதா என்று பார்க்க அவர்களை நான் வைத்ததே இல்லை, வைக்கப் பயம், அவர்கள் காது மந்தம். சந்தேகப்படுகிற ஆளிடம்தான் ஒவ்வொரு தடவையும் ராத்திரியை ஒப்படைக்கிறேன். இது விளையாட்டில் மட்டுமா. என் வேலையிடத்தில் புதிதாக வந்த தேசிங்குக்கும் காது கூர்மை என்றுதான் சொல்லிச் சேர்த்தார்கள். விசைப்படகில் இஞ்சின் டிரைவராக இருந்தவன், என் வயசுதான், ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம், படகை விற்றுவிட்டார்கள் என்று எங்கள் ஐஸ் கம்பெனிக்கு வந்தான், கூலி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் நானும்தான் ராத்திரிக்கு. துறைமுகத்து ஐஸ் கம்பெனிகளில் எழுதாத ஒரு முறை உண்டு, பாதி ராத்திரி ஒருத்தன் தூங்குவான், மீதி மற்றவன், மேனேஜருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், குளிரூட்டுகிற அம்மோனியா கேஸின் அழுத்தம் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அந்தக் கேஸைக் குளிர்விக்கிற கண்டென்சருக்குத் தண்ணீரைக் கூட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த அவ்வளவுக்கு ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். தூங்குகிறவன் தன் மூக்கையும் காதையும் கழற்றி மற்றவன் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கிறான். எனக்கு முன்னால் கூட இருந்தவரிடம் அப்படிக் கொடுத்துப் படுத்தேன், ஒரு தடவை கூட நினைத்துப் பார்த்ததில்லை. அவர் ஓய்வு வாங்கிப் போனார், தேசிங்கு வந்தான், வந்த கொஞ்ச நாளில் அது நடந்தது. என் தூக்கமுறை. எதனாலோ விழித்துக்கொண்டேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருக்கிறான், கண் மூடியிருக்கிறது, முள் சிவப்பில். நான் எழுந்து ஓடின சத்தத்தில் கண்ணைத் திறந்தான். இப்பத்தான்ணே எந்திரிக்க இருந்தேன் என்றான். இப்பத்தான். உலகத்தில் தூங்கிப்போன எல்லாரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரைக் கூட்டிவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன், அவன் செருப்பு ரெண்டும் கதவோரம் கிடந்தது. ஐஸ் கம்பெனியில் தரையெல்லாம் உப்புத்தண்ணீர், சில்லென்று எலும்பில் ஏறும், அங்கே எவனும் செருப்பைக் கழற்ற மாட்டான், தூங்கப் போகிறவனைத் தவிர. ஏன் கழற்றினான். நான் மற்றதையெல்லாம் ஒருவிதமாகச் சமாதானம் பண்ணிக்கொள்வேன், அந்தச் செருப்பு மட்டும் மனசில் கதவோரமாகவே கிடக்கிறது.

இன்று காலையில் வேலை முடிந்து சைக்கிளை எடுக்கும்போது மேனேஜர் சீதாபதி கூப்பிட்டார். கையில் பல்குச்சியோடு, எதுவுமில்லாத மாதிரி கேட்டார், புது ஆள் எப்படி, வச்சுக்கலாமா, பூவராகா, நீதான் அவன்கூட இருக்கே, சாயந்திரத்துக்குள்ள சொல்லு, வேணாம்னா இன்னியோட அனுப்பிடுறேன் என்று. என் வாயில் இருக்கிறது அவன் பிழைப்பு. அனுப்பிவிடுங்க என்றால் முடிந்தது, அந்த வயசுக்கு மேல் அவனை எவன் படகில் ஏற்றுவான். வச்சுக்கங்க என்றால் இனி என் பாதி ராத்திரி அவன் கையில், மூச்சு நிற்கிற வரைக்கும். வேறொரு ஐஸ் கம்பெனியில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேஸ் கசிந்தபோது பார்க்கப் போனேன், எல்லாரும் போனார்கள். கம்பெனி வாசலில் நின்ற வேப்பமரம் ஒரு பக்கம் மட்டும் பொசுங்கியிருந்தது. உள்ளே படுத்திருந்தவன் எழுந்திருக்கிறான், அந்த நெடிக்குச் செத்தவனே எழுந்திருப்பான், எழுந்தும் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரையே தடவிக்கொண்டு போயிருக்கிறான், சுவரில் கை அடையாளம் வரிசையாக இருந்தது. காவலுக்கு இருந்தவன் பிழைத்துக்கொண்டான், அவன் கதவோரம் உட்கார்ந்திருந்தான். கதவோரம். செருப்பு கதவோரம். தேசிங்கின் செருப்பை அங்கே பார்த்த ராத்திரியிலிருந்து என் தூக்கமுறையில் நான் தூங்குவதில்லை, தூங்குகிற மாதிரி முகத்தைச் சுவருக்குத் திருப்பிப் படுத்துக்கொண்டு, சுவரோரத்து அலமாரிக் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான், நான் அவனை எண்ணிக்கொண்டிருக்கிறேன், அவன் கண் இமைப்பதை, தலை திரும்புவதை. அவன் நேராக உட்கார்ந்திருக்கிற ராத்திரிகளில் இன்னும் அதிகம் சந்தேகம் வருகிறது, நான் பார்ப்பது தெரிந்துதான் நேராக உட்கார்ந்திருக்கிறானோ என்று. பகலில் வந்து படுத்தால் வெளிச்சக் கோடு. நேற்று என் முறையில், நானே விழித்திருக்க வேண்டிய என் முறையில், முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், திடீரென்று முள் வேறு இடத்தில் இருந்தது. நடுவில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. முள் குதிக்காது. முள் ஏறித்தான் வரும். நான்தான் நடுவில் எங்கோ போய்விட்டு வந்திருக்கிறேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, இவனைச் சந்தேகப்பட்டு என் காதும் மூக்கும் போய்விட்டது என்று மேனேஜரிடம் சொல்ல முடியுமா. திரையில் மந்திரவாதிக் கிழவன் தள்ளாடுகிறான், ஒரு மந்திரம் மிச்சமில்லாமல் இவனை அடுத்த கதவுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனால் இவன் ஒரு சுமை, அவ்வளவுதான். படுத்தால் அபாயம், படுக்காமல் போனால் சாவு நிச்சயம். இதை இவ்வளவு நேரமாகச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது, விரல்தான் போகவில்லை.

போனை எடுத்தேன். தமயந்திக்குப் போடலாம் என்றுதான் எடுத்தேன், டீயில் ஏதாவது போட்டாயா என்று கேட்க, கேட்டால் சாயந்திரம் வீட்டில் பேச்சு நின்றுவிடும். விரல் அவள் பெயரைத் தாண்டி இறங்கிப் போயிற்று. புது ஆள் என்றுதான் தேசிங்கின் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறேன், இத்தனை நாளாகப் பெயரை மாற்றவில்லை. தூங்குகிற நேரம் இது அவனுக்கும், எடுக்காவிட்டால் ராஜா மாதிரி தூங்குகிறான் என்று அர்த்தம், மனசாட்சி இல்லாதவன் தூங்கத்தான் செய்வான், மேனேஜரிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு முடிவோடு அமுக்கினேன். முதல் மணியிலேயே எடுத்தான். அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

"என்னாண்ணே, தூங்கலியா?" என்றான்.

நீ தூங்கலியா என்றேன். எங்கண்ணே, என்று இழுத்தான். பின்னால் எங்கோ குழாயில் தண்ணீர் பிடிக்கிற சத்தம், ஒரு பெண் பிள்ளை யாரையோ வைதுகொண்டிருந்தது. வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். சாப்பிட்டியா என்றாவது. நான் கேட்டது, அன்னிக்குச் செருப்பை ஏன் கழட்டின என்று. அவன் சிரித்தான், சிரிப்பில் கோபம் இருந்ததா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், இருந்தது, கொஞ்சம்.

"இதைக் கேக்கவா இத்தனை நாளு ஆச்சு? படகுல எவன்ணே செருப்பு போட்டிருப்பான். இஞ்சின் பேசுறது காலுலதான கேக்கும். மிஷின் மேடையில காலை வச்சிக்கிட்டு கண்ணை மூடினாதான் எனக்குப் புரியும், என்னா சுதியில ஓடுதுன்னு."

முள் சிவப்பில் இருந்ததே என்றேன். கண்டென்சர் தண்ணி மாறுறப்ப முள்ளு ஏறும், ஏறிட்டு எறங்கும், எறங்குறதுக்குள்ள நீங்க குதிச்சிட்டீங்க என்றான். தூங்கினவன் கூட இதைச் சொல்லலாம். உட்கார்ந்து ஜோடித்திருக்கலாம், இத்தனை நாள் இருந்திருக்கிறதே ஜோடிக்க. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்ன மாதிரி அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், மூச்சு விட்டான்.

"அண்ணே, நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். கண்ணாடியில நீங்க என்னையப் பாக்குறது எனக்குத் தெரியும். நீங்க என்னையப் பாத்துக்கிட்டு கெடக்குறீங்க, நீங்க பாக்குறீங்களான்னு நான் உங்களையப் பாத்துக்கிட்டு குந்தியிருக்கேன். மிஷினை யாருண்ணே பாக்குறது?"

லைன் போய்விட்டது. நான் வைத்தேனா, அவன் வைத்தானா, போன் கையில் சூடாக இருந்தது. மிஷினை யார் பார்க்கிறது. அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும், அவன் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஜன்னலில் அவனும் எதையாவது மடித்து ஆணி அடித்திருப்பான், அவனுக்கும் ஒரு கோடு வெளிச்சம் வரும். இத்தனை ராத்திரியாக அந்தக் கொட்டகையில் இரண்டு பேர் விழித்திருந்தோம், காவலுக்கு ஒருத்தரும் இல்லை. முள் ஏறியிருக்கலாம், இறங்கியிருக்கலாம், கண்ணாடியில் முள் தெரியாது. தரையில் உட்கார்ந்தேன். டேபிள் ஃபேன் கட்டில் பக்கத்தில் தரையில் ஓடிக்கொண்டிருந்தது, காற்று வருகிறதா என்று கூட இதுவரை கவனிக்கவில்லை. உள்ளங்காலைத் தரையில் அழுத்தி வைத்தேன். சிமென்ட் தரை சில்லென்று இருந்தது, முதலில் ஒன்றுமில்லை. கண்ணை மூடினேன். பிறகு வந்தது, மெல்லிய ஒரு நடுக்கம், குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, சீராக, அந்தச் சீருக்கு நடுவில் ஒரு தடுக்கல், ஒரு சுற்றுக்கு ஒன்று, பேரிங் தேய்ந்திருக்கிறது. காதுக்கு அது கேட்கவே இல்லை. கண்ணைத் திறந்தால் காலுக்கும் கேட்கவில்லை. மறுபடி மூடினேன், மறுபடி வந்தது. இந்த நேரம் தமயந்தி உள்ளே வந்து பார்த்தால் என்ன நினைப்பாள், மனுஷன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்விட்டான் என்றுதான் நினைப்பாள். ஆனால் இது எதையும் நிரூபிக்காது. காலால் கேட்கத் தெரிந்தவனும் தூங்கிப்போவான். அன்றைக்கு அவன் தூங்கினானா என்பது இனி அவனுக்கே கூடச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், நேற்று முள் நகர்ந்தபோது நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியாத மாதிரி. எது தெரிந்து எந்த ராத்திரியை எவன் கையில் கொடுத்தேன். தேசிங்குக்கு முன்னால் கூட இருந்தவரைப் பற்றி என்ன தெரியும் எனக்கு, அவர் குறட்டையைத் தவிர.

மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பினேன், தேசிங்கு இருக்கட்டும் சார் என்று. அனுப்பினதும் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன், அதற்குள் அவர் படித்துவிட்டார், கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. புது ஆள் என்று இருந்ததை அழித்துவிட்டுத் தேசிங்கு என்று அடித்தேன். திரையில் நாலு பேரும் இன்னும் ஆடிக்கொண்டே நிற்கிறார்கள், எவ்வளவு நேரமாக நிற்க வைத்திருக்கிறேன் இவர்களை. கூடாரத்தை அமுக்கினேன். காவலுக்கு யார் என்று கேட்டது. கோர்வனுடைய கண் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்று முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன், கதவு இருக்கிறது. கதவைப் பார்க்கிற ஆளைத்தானே காவலுக்கு வைக்க வேண்டும். ரொட்டி குறைகிறதே என்று இழுத்தது மனசு, பிறகு எனக்கே வெட்கமாகப் போயிற்று, ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவனுக்குப் பசிக்காதா, என் டிபன் பையில் தினமும் இரண்டு பன் எதற்குப் போகிறது. கோர்வன் பெயரில் அமுக்கினேன். விளக்கு இறங்கியது, வாள்காரி படுத்தாள், வைத்தியக்காரி படுத்தாள், கிழவன் கடைசியாக, கைத்தடியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தான். கோர்வன் வாசலில் உட்கார்ந்தான். மூலையில் மணி ஓட ஆரம்பித்தது, விளையாட்டுக் கணக்கில் எட்டு மணி நேரம் ஓட வேண்டும், நடுவில் நின்றால் ஏதோ வந்துவிட்டது என்று அர்த்தம். எப்போதும் திரைக்கு மூக்கை வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன், நான் பார்த்தால் வராது என்கிற மாதிரி. கட்டிலில் ஏறிப் படுத்தேன். வெளிச்சக் கோடு முகத்தில் விழுந்தது, முகத்தைச் சுவருக்குத் திருப்பாமல் அப்படியே படுத்தேன். ஒரு காலைக் கீழே தொங்கவிட்டு உள்ளங்கால் தரையில் படும்படி வைத்துக்கொண்டேன், தடுக்கல், சீர், தடுக்கல், சீர். பழைய இரும்புக்காரன் தெருமுனையில் திரும்புகிறான். பிறகு அவன் இல்லை. டப்பாவிலிருந்து ஒரு சத்தம் வந்தது, டங் என்று ஒற்றைச் சத்தம், விடிந்துவிட்டது என்பதற்கும் அதே சத்தம்தான், வந்துவிட்டார்கள் என்பதற்கும் அதே சத்தம்தான், திரும்பிப் பார்த்தால் தெரியும். கால் மட்டும் தரையிலிருந்து தானாக மேலே வந்து போர்வைக்குள் போயிற்று. இருக்கட்டும். விழித்திருக்க ஆள் இருக்கிறது.